மருத்துவக் கல்லூரி வாயிலில் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

நம் தீவுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் ஆண்டு ஒரு தனி ஆண்டாகும். அவ்வாண்டில் வீட்டில் எழும் பேச்செல்லாம் இரண்டு வினாக்களையே சுற்றிச்சுற்றி வரும். எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்பது ஒன்று. கிடைத்தால் பொருளுக்கு என்ன வழி என்பது மற்றொன்று. பிள்ளை மருத்துவமோ, செவிலியமோ, மருந்தாளுமையோ பயில விரும்பினால் இவ்விரு வினாக்களும் இருமடங்கு கனத்துவிடும். பிள்ளை பெண்ணாயின், கடல் கடந்து தனியே அனுப்பலாமா என்னும் மூன்றாவது வினாவும் வந்து சேரும்.

இம்மூன்று வினாக்களும் இன்று நமக்கு மட்டும் புதிதாக எழுந்தவை அல்ல. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் புதுக்கோட்டையில் ஓர் ஆசிரியர் இல்லத்திலும் இவையே எழுந்தன. அந்நாளில் அவற்றிற்கு விடை காண்பது இன்றினும் பன்மடங்கு அரிது. அவ்வீட்டுப் பெண் மனந்தளரவில்லை. அவளைப் பெற்ற தந்தையும் தளரவில்லை. அப்பெண்ணே பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி எனத் தமிழுலகம் போற்றிய பெருமாட்டி. அவர்தம் வாழ்க்கையை, ஒரு பெண் கல்லூரி வாயிலை எவ்வாறு அடைந்தாள், உள்ளே சென்றபின் அவ்வாயிலைப் பிறர்க்கு எவ்வாறு திறந்து வைத்தாள் என்னும் நோக்கில் இங்குக் காண்போம்.

பிறப்பும் குடும்பமும்

முத்துலட்சுமி 1886-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித் துறையில் பணியாற்றிய அறிஞர். தாயார் சந்திரம்மாள், கோயிற் பணிக்கெனப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கமுடைய மரபில் தோன்றியவர். தம் குலத்தை விட்டு அம்மரபிலே துணை தேடிய தந்தையாரை அவர்தம் உறவினர் விலக்கி வைத்தனர். தாயாரின் மரபையோ ஊர் இழிவாகவே நோக்கியது. ஆகவே, பிறப்பினாலே வந்த ஒரு சுமையைத் தோளில் ஏற்றிக்கொண்டே அக்குழந்தை உலகைக் கண்டது.

அந்த 1886-ஆம் ஆண்டு இந்தியப் பெண்களின் மருத்துவக் கல்வி வரலாற்றில் நினைவு கொள்ளத்தக்கது. மராட்டியப் பெண்மணி ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றது அவ்வாண்டிலேதான். வங்கத்தில் காதம்பினி கங்கூலி மருத்துவராகத் தேறியதும் அதே ஆண்டில். முத்துலட்சுமி பிறந்த மூன்றாம் நாளில், திருவிதாங்கூரில் மேரி பூனென் என்னும் குழந்தை பிறந்தது. அவரும் பிற்காலத்தில் பெயர்பெற்ற மருத்துவரானார். ஆயினும் இவ்விருவர் சென்ற வழியும் வெவ்வேறு. மேரி பூனெனுக்குத் திருவனந்தபுரத்துக் கல்லூரியில் அறிவியல் பயில இடம் மறுக்கப்பட்டது. பெண் என்பதே காரணம். அவர் வரலாறு பயின்று பட்டம் பெற்றுப் பின்னர் இலண்டன் சென்று மருத்துவம் கற்றார். அவர் தந்தையார் தாமே ஒரு மருத்துவர். புதுக்கோட்டை ஆசிரியருக்கு இலண்டன் என்பது கனவிலும் எட்டாத தொலைவு. அவர் மகள் கற்க வேண்டுமாயின் உள்நாட்டிலேயே ஒரு கதவு திறந்தாக வேண்டும்.

கணக்கெழுதத் தெரிந்தாற் போதும் என்ற காலம்

பெண் குழந்தை பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதத் தெரிந்து கொண்டால் போதும் என்று எண்ணிய காலம் அது. சிறுமி முத்துலட்சுமியும் அவ்வளவிற்கெனவே பள்ளிக்கு அனுப்பப்பட்டார். ஆனால் அவர்தம் அறிவுக் கூர்மையைக் கண்ட தந்தையார் மகள் ஆங்கிலமும் கற்க இசைந்தார். பருவமெய்தியதும் பெண்கள் பள்ளியினின்று நிறுத்தப்படுவது ஊர் வழக்கு. அவ்வழக்கத்திற்கு இவரும் உட்பட நேர்ந்தது. ஆயினும் கல்வி நிற்கவில்லை. வீடே பள்ளியாயிற்று, தந்தையாரே ஆசிரியரானார். தாயாருக்கோ மகளை உரிய காலத்தில் மணம் செய்து கொடுக்க வேண்டுமே என்னும் கவலை. அக்கவலையைக் குறை கூற இயலாது. மகளின் பிறப்பைச் சுட்டி ஊர் பேசும் சொற்களை அத்தாய் நன்கறிந்தவர். மகளோ மணத்தினும் கல்வியையே பெரிதென மதித்தார்.

இங்ஙனம் வீட்டிலிருந்தே பயின்று, 1902-ஆம் ஆண்டில் தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் தேர்வெழுதி வெற்றி பெற்றார். இனிச் செல்ல வேண்டியது கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்த மன்னர் கல்லூரியோ ஆடவர்க்கென அமைந்தது.

முதல் விண்ணப்பம்

கல்லூரியிற் சேர விண்ணப்பம் சென்றது. எதிர்ப்பு இரு திசையிலிருந்தும் எழுந்தது. கல்லூரித் தலைவர் தயங்கினார். மாணவர்தம் பெற்றோரும் தங்கள் மைந்தர் நடுவே ஒரு பெண் அமர்வதா என்று முறையிட்டனர். பெண் என்பது ஒரு தடை. அப்பெண்ணின் தாய் பிறந்த மரபு மற்றொரு தடை. அவர் பெற்ற மதிப்பெண்களைப் பற்றி எவரும் குறை கூறவில்லை. தகுதி இருந்தும் பிறப்புக் குறுக்கே நின்றது.

அந்நாளிற் புதுக்கோட்டையை ஆண்டவர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். முறையீடுகள் அவர்முன் சென்றன. மன்னர் அவற்றைப் புறந்தள்ளி, அப்பெண்ணைக் கல்லூரியிற் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டார். அத்துடன் நில்லாது கல்வி உதவித்தொகையும் அளித்தார். இங்கு ஒன்றைக் கருத வேண்டும். வாயிலைத் திறந்துவிட்டு உள்ளே வரப் பொருள் இல்லையாயின் அவ்வாயில் திறந்தும் பயனில்லை. இடமும் பொருளும் ஒருங்கே கிடைத்தமையாலேதான் 1904-ஆம் ஆண்டில் முத்துலட்சுமி கல்லூரி மாணவியாக முடிந்தது.

கல்லூரி வாழ்வு எளிதாக இருக்கவில்லை. மூடிய வண்டியிற் சென்று மூடிய வண்டியில் மீள வேண்டும். வகுப்பிலே ஆடவர் பார்வை படாதவாறு திரைமறைவில் அமர வேண்டும். ஒரே பெண்ணாக இருந்து, உடன் பயில்வாரோடு ஒரு சொல்லும் பேசாது, அவர் பாடங் கேட்டார். இன்டர்மீடியட் தேர்விலும் தேறினார்.

சென்னைக்குச் சென்ற வழி

அடுத்து மருத்துவம் என்பது முடிவாயிற்று. சென்னை மருத்துவக் கல்லூரி 1835-ஆம் ஆண்டில் மருத்துவப் பள்ளியாகத் தோன்றி, 1850-ஆம் ஆண்டில் கல்லூரி என்னும் பெயர் பெற்றது. 1875-ஆம் ஆண்டிலேயே அக்கல்லூரி நான்கு பெண்களுக்கு இடமளித்தது. அந்நால்வருள் ஒருவரான மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாது, திரையிட்டு வாழும் மகளிர் ஆண் மருத்துவரை நாடாமல் பிள்ளைப்பேற்றில் மாய்வதைக் கண்டு மனம் நைந்து மருத்துவம் கற்றவர். 1885-ஆம் ஆண்டில் சென்னையில் மகளிர்க்கென மருத்துவமனை தோன்றவும் அவரே காரணமாயிருந்தார். திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என இன்று வழங்குவது அதுவே. அதே ஆண்டில் வைசிராயின் மனைவியார் டஃபரின் சீமாட்டி பெயரால் ஒரு நிதியும் ஏற்பட்டது. மகளிர்க்கு மருத்துவ உதவி அளிப்பதும், மருத்துவம் பயிலும் பெண்களுக்கு உதவித்தொகை வழங்குவதும் அந்நிதியின் நோக்கங்கள். ஆகவே, சென்னைக் கல்லூரியின் கதவு பெண்களுக்கு முற்றிலும் மூடியிருக்கவில்லை. ஆயினும் அதன் வழியே புகுந்தோர் பெரும்பாலும் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்திய மகளிரே. தமிழ்க் குடும்பத்துப் பெண்ணொருத்தி அதனை நாடுவது அந்நாளில் ஊர் வியக்கும் செய்தி.

சென்னைக்குப் போவதும் எளிதன்று. புதுக்கோட்டைக்கு அந்நாளில் இருப்புப்பாதை இல்லை. திருச்சிராப்பள்ளி வரை வண்டியிற் சென்று, அங்கேதான் புகைவண்டி ஏற வேண்டும். சென்னையில் மகளிர்க்கெனப் பிற்காலத்தில் எழுந்த இராணி மேரிக் கல்லூரிகூட அப்போது இல்லை. அது 1914-ஆம் ஆண்டில் தோன்றியது. நம் குழந்தைகள் மூன்று நாட் கப்பற் பயணம் செய்து சென்னைத் துறைமுகத்தில் இறங்குவதை எண்ணிப் பெருமூச்சு விடும் பெற்றோர், அத்தந்தையின் நெஞ்சத்தையும் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

தந்தையார் செல்வர் அல்லர். பெண் படிப்பிற்குச் செலவிடுவதை வீண் என்று கருதிய சுற்றம் அவரைச் சூழ்ந்திருந்தது. அப்பொருளைக் கொண்டு மணத்தை முடித்திருக்கலாமே என்று கூறுவாரும் இருந்திருப்பர். அவர் அவ்வழி செல்லவில்லை. 1907-ஆம் ஆண்டில் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார்.

ஐந்தாண்டுக் கல்வி

மருத்துவக் கல்வி உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே சோதிப்பது. பிணத்தை அறுத்துப் பயிலுதல், நோயாளியின் படுக்கையருகே நின்று கற்றல், இரவெல்லாம் மகப்பேற்று அறையில் விழித்திருத்தல் ஆகியவை இன்றும் மாணவர்க்குக் கடுமையானவையே. அந்நாளில் பெண்ணுக்கு இவற்றோடு ஆசிரியரின் ஐயப்பாடும் சேர்ந்து கொண்டது. அறுவை மருத்துவம் கற்பித்த ஆங்கிலப் பேராசிரியர் தம் வகுப்பிலே பெண்களை அனுமதிப்பதில்லை. அத்தேர்விலே முத்துலட்சுமி முதன்மை பெற்றதைக் கண்ட பின்னரே அவர் தம் கொள்கையைத் தளர்த்தினார் என்பர். வாதிட்டு வெல்ல முடியாத இடத்தில் விடைத்தாள் வென்றது.

1912-ஆம் ஆண்டில் பல பொற்பதக்கங்களும் பரிசுகளும் பெற்று எம்.பி., சி.எம். பட்டம் அடைந்தார். இந்திய நாட்டின் முதற் பெண் மருத்துவர்களுள் ஒருவராக அவர் பெயர் பொறிக்கப்பட்டது. சென்னை அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகப் பணியேற்ற முதற் பெண் என்னும் சிறப்பும் அவரையே சார்ந்தது. புதுக்கோட்டையில் திரைமறைவில் அமர்ந்த பெண், எட்டு ஆண்டுகளில், நோயாளிகளின் உயிரைக் காக்கும் பொறுப்பைப் பெற்றுவிட்டார்.

மாணவியாக இருந்த நாளிலேயே சரோசினி நாயுடு அம்மையாரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. பின்னர் அன்னி பெசன்ட் அம்மையாரும் காந்தியடிகளும் அவர் உள்ளத்தில் இடம் பெற்றனர். தாம் பெற்ற கல்வி தம்மோடு முடிந்துவிடலாகாது என்னும் எண்ணம் அந்நாள் முதல் அவரிடம் வேரூன்றியது.

மணமும் மேற்படிப்பும்

மணமே வேண்டா என்றிருந்தவர், 1914-ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். அவரும் மருத்துவர், அறுவை மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்றவர். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குத் தடையாக நிற்கலாகாது என்னும் உறுதியைப் பெற்ற பிறகே அம்மையார் மணத்திற்கு இசைந்தார். சடங்குகளை நீக்கி, 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி அம்மணம் நிகழ்ந்தது. தந்த உறுதியைக் கணவர் இறுதிவரை காத்தார்.

இரு மைந்தர்க்குத் தாயான பின்னரும் அவர் கற்பதை நிறுத்தவில்லை. 1925-ஆம் ஆண்டில், அரசின் உதவித்தொகை பெற்று, மகளிர் நோய்களையும் குழந்தை நோய்களையும் பற்றி மேலும் கற்க இங்கிலாந்து சென்றார். கணவரும் மைந்தரும் உடன் சென்றனர். ஏறத்தாழ ஓராண்டு அங்குப் பயின்றார். 1926-ஆம் ஆண்டில் பாரிசில் கூடிய அனைத்துலக மகளிர் மாநாட்டிலும் இந்தியப் பெண்களின் சார்பிற் கலந்து கொண்டார். இரண்டாம் முறையாகவும் உதவித்தொகை ஒன்றே அவருக்குக் கடலைக் கடக்கும் பாலமாயிற்று என்பதை மறத்தலாகாது.

சட்டமன்றத்தில்

இங்கிலாந்தினின்று மீண்டதும் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக நியமனம் பெற்றார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றம் புகுந்த முதற் பெண் அவரே. உறுப்பினர்கள் ஒருமனதாக அவரைத் துணைத்தலைவராகத் தேர்ந்தனர். ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம் அவையில் அவர் ஆற்றிய பணி பெரிது. பெண் குழந்தைகளின் கல்வி, இளமை மணத் தடை, குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவம் ஆகியவற்றிற்காக இடைவிடாது வாதாடினார்.

அவற்றினும் மேலாக அவர் எடுத்துக்கொண்டது பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் பணி. தாயார் பிறந்த மரபில் இன்னொரு சிறுமிக்கும் அத்துன்பம் நேரலாகாது என்பது அவர் வேட்கை. பழமையைப் போற்றியோர் கடுமையாக எதிர்த்தனர். 1929-ஆம் ஆண்டில் அப்பெண்களைக் கோயிற் கடமையினின்று விடுவிக்கும் திருத்தச் சட்டம் நிறைவேறியது. பொட்டுக் கட்டுவதையே முற்றும் தடுக்கும் சட்டம் 1947-ஆம் ஆண்டிலேதான் வந்தது. இடைப்பட்ட காலத்திலே அம்மையார் சோர்ந்திருக்கவில்லை. 1930-ஆம் ஆண்டில் காந்தியடிகள் சிறைப்பட்டபோது தம் சட்டமன்றப் பதவியைத் துறந்தார்.

ஔவை இல்லம்

பொட்டுக்கட்டும் வழக்கினின்று தப்பிவந்த சிறுமியர் சிலர் அம்மையார் வீட்டை நாடினர். அவர்களைப் படிக்க வைக்க விடுதிகளை அணுகியபோது, பிறப்பைச் சுட்டி இடம் மறுத்தனர். தாம் சிறுமியாயிருந்தபோது மன்னர் கல்லூரியில் எழுந்த அதே மறுப்பு மீண்டும் அவர் எதிரே வந்து நின்றது. இப்போது ஆணையிட மன்னர் இல்லை. அம்மையார் தம் இல்லத்தையே அவர்களுக்கு விடுதியாக்கினார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்து, பின்னர் அடையாற்றில் நிலைபெற்றது. ஆதரவற்ற பெண்கள் அங்கு உண்டியும் உறையுளும் பெற்றனர். கல்வி கற்றுத் தம் காலில் நிற்கும் தொழிலும் பயின்றனர். மன்னர் ஒரு பெண்ணுக்குச் செய்ததை, அப்பெண் நூற்றுக்கணக்கானவர்க்குச் செய்தார்.

அக்காலத்தில் இத்தகைய முயற்சி வேறிடங்களிலும் நிகழ்ந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ஆம் ஆண்டில் செவிலியர் பள்ளியையும், 1918-ஆம் ஆண்டில் மகளிர் மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். மூன்று பெண்களேனும் விண்ணப்பிப்பார்களா என்று அரசு மருத்துவத் துறைத் தலைவர் ஐயுற்றார். விண்ணப்பித்தவரோ 151 பேர்! இடமின்மையால் இருபதுக்கும் குறைவானவரையே சேர்க்க முடிந்தது. கற்க விரும்பும் பெண்கள் நாட்டில் இல்லை என்று கூறியவர்களுக்கு அவ்விண்ணப்பங்களே விடை கூறின. ஆர்வம் எங்கும் இருந்தது. இடமும் பொருளுமே குறைவாயிருந்தன.

பன்னிரண்டு படுக்கைகள்

1923-ஆம் ஆண்டில் அம்மையாரின் தங்கை புற்றுநோயால் உயிர் துறந்தார். நோய் இன்னதென்று காலத்தில் அறியப்படவில்லை. அறிந்தபோது செய்வதற்கு ஒன்றும் இல்லை. உடன்பிறந்தாளைக் காக்க இயலாத மருத்துவராய் நின்ற அத்துயரம் முப்பதாண்டுக் காலம் அவர் நெஞ்சில் கனன்று கொண்டிருந்தது. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அவர் பல்லாண்டுகள் கேட்டார். தீராத நோய்க்கு மருத்துவமனை எதற்கு என்பதே அந்நாளில் அதிகாரிகள் பலரின் எண்ணமாயிருந்தது.

அரசு தயங்கவே, அம்மையார் மக்களிடம் சென்றார். இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாக நிதி திரட்டினார். சிறுதுளியாக வந்த நன்கொடை பெருகிற்று. 1952-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பிரதமர் நேரு அவர்கள் அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு சூன் 18-ஆம் நாள் அம்மருத்துவமனை 12 படுக்கைகளோடு பணியைத் தொடங்கியது. அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதற்குத் தம்மை ஒப்படைத்தார். 1955-ஆம் ஆண்டில் டாக்டர் சாந்தா அம்மையார் வந்து சேர்ந்தார்; 2021-ஆம் ஆண்டில் மறையும்வரை அவர் அந்நிலையத்தை விட்டு நீங்கவில்லை. அந்த அடையாறு புற்றுநோய் நிலையத்தை அறியாத தமிழ்க் குடும்பம் இன்று உலகில் எங்கும் இராது. நோயாளி ஒருவரோடு கடல் கடந்து அதன் வாயிலில் நின்ற அனுபவம் நம் தீவினர் சிலர்க்கும் உண்டு.

1956-ஆம் ஆண்டில் நாடு அவருக்குப் பத்மபூஷண் விருதளித்தது. 1968-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22-ஆம் நாள், எண்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு எட்டு நாட்களே எஞ்சியிருந்த வேளையில், அம்மையார் இயற்கை எய்தினார். ஏழைத் தாய்மார்க்குத் தமிழ்நாட்டரசு வழங்கும் மகப்பேற்று உதவித் திட்டம் அவர் பெயராலேயே விளங்குகிறது.

நமக்கு இவ்வாழ்வு உரைப்பன

தமிழன்பர்களே! அம்மையார் பிறந்த காலத்தினும் நம் காலம் நன்று. நம் தீவுகளில் மருத்துவக் கல்லூரி இல்லாதிருந்த நெடுங்காலம், நம் பிள்ளைகள் மத்திய ஒதுக்கீட்டு இடங்களை நம்பியே பெருநிலத்துக்குச் சென்றனர். 2015-ஆம் ஆண்டில், 100 இடங்களுக்கு அனுமதி பெற்று, அந்தமான் நிக்கோபார் மருத்துவ அறிவியல் நிலையம் போர்ட் பிளேரில் தொடங்கப்பெற்றது. ஜி.பி. பந்த் மருத்துவமனையே அதன் பயிற்சிக் களம். 2024-ஆம் ஆண்டில் நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாறிற்று. கல்லூரி நம் வாயிலிலேயே நிற்கிறது. கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்திற்கு இலங்கையினின்று வந்து குடியேறிய நம் உடன்பிறப்புகளின் பேரப்பிள்ளைகளும் அவ்வாயிலை நோக்கி நடக்கலாம்.

ஆயினும் இடங்கள் சில, விழைவோர் பலர். எஞ்சியோர் பெருநிலத்துக் கல்லூரிகளையே நாட வேண்டும். அம்மையாரின் தந்தை செய்தவற்றை நாமும் செய்வோமாயின் வழி தெளிவாகும்.

முதலாவது, விண்ணப்பத்தைக் காலத்திற் செய்தல். குடியிருப்புச் சான்று, தீவுவாசி அட்டை, வகுப்புச் சான்று, மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை முடிவு நாள் நெருங்கும்வரை தேடாமல், தேர்வுக்கு முன்னரே சேர்த்து வைத்தல் நன்று. புயற் காலத்தில் கப்பல் தவறினாலும் சான்று தவறலாகாது.

இரண்டாவது, கல்லூரியின் தகுதியை ஆய்தல். மருத்துவத்திற்குத் தேசிய மருத்துவ ஆணையத்தின் ஏற்பும், பிற படிப்புகளுக்கு அவற்றிற்குரிய மன்றத்தின் ஏற்பும் உண்டா என்று பார்த்த பின்னரே பணம் கட்ட வேண்டும். ஏற்பில்லாத நிலையத்தில் நான்காண்டு பயின்ற செவிலியர்க்குப் பதிவும் இல்லை, பணியும் இல்லை.

மூன்றாவது, முழுச் செலவையும் முன்னரே எண்ணுதல். கல்விக் கட்டணம் ஒரு பகுதியே. விடுதி, உணவு, நூல், கருவி, சீருடை, தேர்வுக் கட்டணம், ஆண்டுக்கொரு முறை வீடு வந்து மீளும் செலவு ஆகியவற்றையும் கூட்டிப் படிப்பு முடியும்வரை கணக்கிட வேண்டும். முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் கண்டு மகிழ்ந்து, மூன்றாம் ஆண்டில் நகையை விற்கும் நிலை எவர்க்கும் நேரலாகாது.

நான்காவது, கடனை அறிந்து வாங்குதல். வங்கிக் கல்விக் கடனில், படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டுவரையிலும் தவணை செலுத்த வேண்டியதில்லை என்பது பொது விதி. ஆனால் வட்டி முதல் நாள் தொட்டே வளர்ந்து கொண்டிருக்கும். ஆதலின், உதவித்தொகை எவையெவை உண்டு என்பதை முதலில் தேடிவிட்டு, எஞ்சிய தொகைக்கே கடனை நாடுதல் அறிவுடைமை. அம்மையார் இருமுறை உதவித்தொகையாலேயே உயர்ந்தவர். அதனைப் பெறுவதில் இழிவு சிறிதும் இல்லை.

ஐந்தாவது, இடத்திற்கு விலை பேசுவோரை வாயிலிலேயே நிறுத்துதல். மருத்துவக் கல்லூரி இடத்திற்கெனத் தலைக்கட்டணம் பெறுவது சட்டத்திற்கு மாறு என்று உச்ச நீதிமன்றம் 1992-ஆம் ஆண்டிலேயே மோகினி ஜெயின் வழக்கில் தீர்ப்பளித்தது. இரசீது தர மறுக்கும் கையில் ஒரு ரூபாயும் வைக்கலாகாது.

இவற்றிற்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. இரு பிள்ளைகள் உள்ள வீட்டில், ஒருவரைப் படிக்க வைக்கவே பொருள் போதும் என்னும் நிலை வருகிறது. அப்போது மகன் பக்கமே தராசு சாய்வது நம்மிடையே இன்னும் மாறாத வழக்கமாக உள்ளது. மகளின் மதிப்பெண் மிகுந்திருந்தும், அவள் பெயரிலுள்ள சேமிப்பு மணத்திற்கென ஒதுக்கப்படுகிறது. புதுக்கோட்டை ஆசிரியரும் அவ்வாறே எண்ணியிருந்தால், அடையாற்றில் அப்பன்னிரண்டு படுக்கைகள் தோன்றியிரா. அவர் தம் மகளுக்குச் செலவிட்ட பொருள், நாம் பெயரறியாத எத்தனையோ குடும்பங்களுக்கு உயிராக மீண்டு வந்தது. தராசைக் கையில் எடுக்கும் நாளில் பெற்றோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

நம் சங்கத்திற்கும் இதிற் கடமை உண்டு. விழாவிற்கும் பந்தலுக்கும் நாம் மனமுவந்து வழங்குகிறோம். அதில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு மாணவிக்கேனும் கப்பற் கட்டணத்தையும் முதலாண்டு நூற்செலவையும் ஏற்கும் ஒரு சிறு நிதியை அமைத்தால், அது அம்மையார்க்கு நாம் எழுப்பும் நினைவுச் சின்னமாகும். பயனடைந்த மாணவி தொழில் ஏற்றபின் தன்னால் இயன்றதை அந்நிதிக்கே திருப்பி அளிப்பாளாயின், அந்த ஊற்று வற்றாது. ஒரு மன்னரின் கருவூலத்தால் அன்று நிகழ்ந்ததை, உழைத்து வாழும் நாம் ஒன்று கூடினால் இன்று நிகழ்த்த முடியும்.

வாழ்க டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரின் புகழ்! வளர்க நம் மகளிர் கல்வி! ஓங்குக தமிழ்ச் சங்கம்!